புல் முளைக்காத இடம்

எங்கள் ஆட்களுக்குத் தேயிலைக்கு அடியில் புல்லைக் கண்டால் ஆகாது. வீட்டுக்குள் எலி ஓடினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், மலையில் ஒரு புல் தலைகாட்டினால் மானம் போய்விடும். நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருந்தது எங்கள் டிவிசன், பெரிய தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிரிவு. அங்கே புல்வெட்டு கொந்தரப்பு வேலை. ஓர் ஆளுக்கு இவ்வளவு மலை என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கையில் சொறண்டி இருக்கும். குட்டைக் கம்பில் வளைந்த தகடு, அவ்வளவுதான். அதை வைத்துப் புல்லோடு, புல் பிடித்திருந்த மேல்மண்ணையும் சேர்த்துச் சொறண்டி எடுப்பார்கள். கங்காணி வந்து பார்க்கும்போது ஒரு பச்சை தெரிந்தால் அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிக் கூலிதான். அதனால் மலை எப்போதும் செம்மண் மெழுகிய தரை மாதிரி சிவப்பாகக் கிடக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்த வேலையில் என் வீட்டுக்காரரை அடிக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்து போனாலும் மற்றவர்களின் மலையைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டு போவார். "கல்யாண வீட்டுக்குத் தல சீவாம வந்த மாதிரி போட்டு வச்சிருக்கான் பாரு" என்பார். என்னை ஒரு நாள்கூட இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லையே என்று நான் கேட்டால், "நீ என்ன கொந்தரப்பா?" என்று சிரிப்பார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிக்கிற மனுசன்.

சொறண்டின மண் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மழை அதை அள்ளிக்கொண்டு போய் ஓடையில் போட்டது. ஓடை மலையுச்சியில் ஓர் ஊற்றில் பிறந்து, தேயிலைக்கு நடுவே இறங்கி, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் விழுந்து, பிள்ளைக்காம்பராவையும், வரிசையாக ஓரறைக் காம்பராக்களில் நாங்கள் குடியிருந்த லயத்தையும் தாண்டி, கடைசியில் தேயிலை அரைக்கிற ஸ்டோரின் குளத்துக்குப் போகும். பிள்ளைக்காம்பரா என்பது கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம். ஊற்றைச் சுற்றி ஒரு காலத்தில் காடு இருந்ததாம். ஸ்டோர் அடுப்புக்கு அதை வெட்டி, வெட்டின இடத்திலும் தேயிலை நட்டுவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது ஊற்றின் வாய்வரைக்கும் தேயிலைதான். மழை பெய்தால் பீலியில் சேறு கொட்டும். மாசி பங்குனியில் சின்னப்பிள்ளை மூத்திரம் போகிற மாதிரி ஒழுகும். அதற்குப் பெயர் ஆறு. அதைத்தான் எல்லாரும் குடித்தோம்.

எங்களுக்கு வோட்டு இல்லையென்று அரசாங்கம் சட்டம் போட்ட காலம் அது. ஆண்கள் லயத்து வாசலில் கூடிக்கூடி அதையே பேசினார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. என் மூத்த மகள், மூன்று வயதுப் பிள்ளை, வயிற்றுளைச்சலில் படுத்திருந்தாள். மருந்துக்காம்பராவில் வெள்ளைத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். "தண்ணிய கொதிக்க வச்சுத்தானே குடுத்த?" என்று மருந்துக்கார ஐயா கேட்டார். ஆனி மாத மழை. கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சியை மிலாறு என்போம், அதுதான் எங்களுக்கு விறகு. நனைந்த மிலாறு புகையுமே தவிர எரியாது. சோறு வேகவே விடியலில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தவள் நான். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அந்த மழையில் வந்த சீக்கு லயம் முழுக்க நடமாடிவிட்டு, எங்கள் காம்பராவில்தான் உயிரை எடுத்துக்கொண்டு போனது.

எங்கள் டிவிசனில் சின்னப்பிள்ளைகளைப் பெரியவர்களோடு புதைப்பதில்லை. பீலிக்கு மேலே ஓடைக்கரையில் ஒரு சரிவு உண்டு, அங்கேதான். என் வீட்டுக்காரரே குழி தோண்டினார். சுற்றிலும் ஓடைக்கல் பதித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சொறண்டியோடு போய் அந்த இடத்தைத் துப்புரவாக்கி, ஒரு கர்ப்பூரம் கொளுத்திவிட்டு வருவார். புல் மண்டின குழி நாதியற்ற குழி. பெற்றவர்கள் இருக்கும்போது பிள்ளையின் தலைமாட்டில் புல் முளைத்தால் ஊர் காறித் துப்பும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிற நாளில் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கும்.

பிறகு பிள்ளைக்காம்பராவில் இருந்த ஆயா இந்தியாவுக்குப் போனாள். அந்த வேலையைக் கேட்டு கண்டாக்கையா முன்னால் போய் நின்றேன். தோட்டத்தில் தொரைக்கு அடுத்தபடி எங்களை மேய்க்கிறவர் அவர்தான். "கொழுந்துல நல்ல கைக்காரி, ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார். எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்றேன். ஏன் என்று அவருக்குத் தெரியும், மேற்கொண்டு கேட்கவில்லை. கொதிக்காத தண்ணீர் ஒரு சொட்டும் என் கையால் ஒரு பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது என்று என் மகள் கிடக்கிற திசையைப் பார்த்துச் சத்தியம் பண்ணிக்கொண்டேன். மிலாறைக் கூரைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்தேன். அதில் ஒரு குச்சியை யாராவது உருவினால் என் வாயில் விழுந்து எழும்புவார்கள். ராட்சசி என்று பெயர் வாங்கினேன். வாங்கினால் என்ன?

எனக்கு இரண்டாவதாக ஒரு மகன் பிறந்தான். அவனையும் அதே பிள்ளைக்காம்பராவில்தான் தொட்டிலில் போட்டேன். என் கண் முன்னால் இருக்கும்போது கொதிக்க வைத்துக் கொடுத்துவிடுவேன். லயத்தில் தவழ்ந்து போய்ப் பீலியில் வாயை வைத்தால்? அவனையும் அந்தச் சரிவுக்குக் கொண்டுபோக வேண்டி வருமோ என்ற நினைப்பு சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த ஆறு தெளிய வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை.

தெளிய வைக்க ஒரு புதுத் தொரை வந்தார். பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஸ்டோரில் இருந்த பெரிய ரோதை, மிசினை ஓட்டுகிற சக்கரம், தண்ணீரில்தான் சுற்றியது. குளம் சேற்றால் நிரம்பிப்போய், பங்குனியில் ரோதை நின்றுவிட்டது. ஸ்டோர் ஆட்கள் ரோதைமுனிக்குச் சேவல் அறுத்தார்கள். மேலேயிருந்து சேறு வந்தால் முனி என்ன பண்ணுவார்? தொரை முனியை நம்பாமல் ஓடையோரமாக ஊற்றுவரைக்கும் நடந்து பார்த்தார். மறுநாள் பெரட்டுக்களத்தில், எங்கள் ஆட்கள் வேலைக்கு வரிசையாக நிற்கிற இடத்தில், அவருக்குத் தெரிந்த தமிழில் சத்தம் போட்டார்.

"ஆத்துப் பக்கம் சொறண்டி போடாதே! புல்லு வரட்டும்! நல்ல புல்லு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. புல்லை விட்டதற்காகத் தலைமுறையாக அரைப்பேர் வாங்கினவர்களிடம் புல் வளர்க்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "வெயில்ல நடந்ததுல தொரைக்கு மூள கலங்கிருச்சு" என்றான் ஒருத்தன். ஆனால் வேலை நடந்தது. ஓடையின் இரண்டு கரையிலும் தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கி, மானாப்புல் நட்டார்கள். ஊற்றைச் சுற்றிக் காட்டுக்கன்றுகள் வைத்தார்கள். ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கினார்கள். கரையில் மாடு கட்டக்கூடாது என்றார்கள். நாங்கள் ஓரமாகப் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியும் லீக்ஸ் பாத்தியும் போயிற்று. அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பொரியலுக்கு இருந்த ஒரே வழி அது.

என் வீட்டுக்காரருக்கு அது பெரிய அவமானம். அவர் கொந்தரப்பு மலையின் கீழ்ப்பகுதி முழுவதும் அந்தக் கரைதான். தான் மெழுகி வைத்திருந்த மண்ணில் தன் கையாலேயே புல் நட்டார். "பட்டிக்காட்டு மயானம் மாதிரி ஆக்கிட்டாய்ங்க" என்று வந்து முணுமுணுத்தார். மயானம் என்று சொன்னதும் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கண்டாக்கையா வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, எம்புள்ள எடம் அந்தக் கரையிலதான் இருக்கு. அதுலயும் புல்லு வுடச் சொன்னா எப்புடிங்க?"

கண்டாக்கையாவும் பிள்ளைகுட்டிக்காரர். கொஞ்ச நேரம் வெற்றிலையைக் குதப்பினார். "கையளவு எடம். அதுல என்ன வந்துறப் போகுது? தொர பாக்காதப்ப செஞ்சிக்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த மழைக்குள்ளேயே மானாப்புல் இடுப்பளவு வந்துவிட்டது. நாங்கள் பழிசொன்ன புல் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலில் நான் நம்பவில்லை. மழை விட்ட மறுநாளே பீலியில் அடிக்கல் தெரிந்தது. அதுவரை அந்தப் பீலிக்கு அடியில் கல் இருப்பதே எனக்குத் தெரியாது. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில் அடிமண் படியவில்லை. பங்குனியிலும் பெருவிரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்த வருசம் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு பிள்ளைகூட ஓடைச் சரிவுக்குப் போகவில்லை. சந்தோசப்பட்டேன், சந்தோசப்பட்ட கையோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இந்தப் புல்லைக் கொஞ்சம் முன்னாலே நட்டிருந்தால் ஆகாதா? அவளும் இந்நேரம் ஸ்கூலுக்குப் போயிருப்பாளே.

கையளவு இடம் கையளவாக இருக்கவில்லை. சுற்றிலும் புல் உயர உயர, குழி அதற்குள் மறைந்துபோனது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் இன்னும் கொஞ்சம் சொறண்டினார். புல்லுக்குள் அட்டை கடித்ததால், மேல்ரோட்டிலிருந்து குழிவரைக்கும் ஒரு பாதை சொறண்டினார். சரிவில் நேராக, நூல் பிடித்த மாதிரி. பிறகு குழியைக் கழுவிவிடத் தண்ணீர் மொள்ள வேண்டும் என்று குழியிலிருந்து ஓடைவரைக்கும் இன்னொரு துண்டு. ஞாயிறுதோறும் அதே பாதையில் சொறண்டிச் சொறண்டி அது பள்ளமாகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "பெத்த கடன இப்புடியில்ல செய்யணும்" என்று எங்கள் பக்கத்துக் காம்பராப் பெண் சொன்னாள். அவள் மகளும் என் மகனும் ஒரே மழையில் பிறந்தவர்கள், ஒரே தொட்டில் கயிற்றில் மாறி மாறி ஆடினவர்கள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அந்தப் பாதையைப் பார்த்து இது தண்ணீர் இறங்குகிற கான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மலையில் கான் வெட்டியே வயிறு வளர்த்தவர்கள் நாங்கள்.

அடுத்த வருசம் தென்மேல் மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, மேலே மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். மேல்ரோட்டில் தேங்கின தண்ணீரெல்லாம் அவர் போட்ட பாதையில் இறங்கியிருக்கிறது. புல் நின்ற இடத்தை அது தொடவில்லை. வெறுமண் இருந்த இடத்தைப் பிளந்துகொண்டு, கரையைப் பெயர்த்து ஓடையில் தள்ளிவிட்டது. அடுக்கியிருந்த கல்லெல்லாம் உருண்டு வந்தது. பீலி சேற்றுக்குள் புதைந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் முழங்காலளவு செம்மண். ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைத் தோளிலும் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளை மேசைமேல் ஏற்றிவிட்டு நின்றேன். பிள்ளைகள் எல்லாம் தப்பிவிட்டார்கள். தப்பிவிட்டார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தோம்.

மழை ஓய்ந்ததும் மலையிலிருந்து ஓடிவந்தவர் நேரே சரிவுக்குப் போனார். அங்கே சரிவே இல்லை. கல்லும் இல்லை, குழியும் இல்லை, பச்சைமண் வெட்டு மட்டும் நின்றது. சேற்றுக்குள் இறங்கி இரண்டு கையாலும் தோண்டினார். மண்வெட்டியைக் கொடுத்தபோது வாங்கவில்லை. எதைத் தேடுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் கிட்டே போகவில்லை. நான்தான் போய்த் தோளைப் பிடித்தேன். "வேணாங்க. வாங்க" என்றேன். அவர் கையில் வெறும் சேறுதான் இருந்தது.

பீலித் தண்ணீர் நாள்கணக்கில் செம்மண்ணாகவே வந்தது. நான் துணியில் வடித்து, ஆறவைத்து, மறுபடி வடித்துக் கொதிக்க வைத்தேன். லயத்தில் யாரிடம் மிலாறு இருந்தது? சீக்கு மறுபடி வந்தது. என் மகனுக்கும் வந்தது, பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் வந்தது. என் மகன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்று காலையில்தான் அந்தப் பிள்ளை போனாள்.

அவள் வாசலுக்கு நான் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், என் இடுப்பில் இருந்த மகனைப் பார்த்தாள்.

"செத்த ஒம் புள்ளைக்குக் கூட்டிக் கூட்டி வச்சு, இருந்த எம் புள்ளய அனுப்பிட்டீங்களேக்கா."

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

தொரைக்குக் கோபம் குளத்தைப் பற்றித்தான். பெரட்டில் எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரரைத் திட்டி, கொந்தரப்பைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்தார். கையளவு இடம் என்று சொன்ன கண்டாக்கையா தொரைக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். என் வீட்டுக்காரர் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானாக இருந்தால் காட்டிக்கொடுத்திருப்பேன்.

அந்தப் பிள்ளையை இடிந்த கரைக்குப் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள். பிள்ளையின் தகப்பன் வழக்கப்படி சொறண்டியோடு நின்றான். எல்லாரும் கலைந்து போகும்போது, என் வீட்டுக்காரர் ஒரு கட்டு மானாப்புல் வேர்க்கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். குழியை விட்டுத் தள்ளி நின்று, "தம்பி, நட்டுறவா?" என்று கேட்டார். அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் சொறண்டியைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலிருந்து ஒரு பிடியை உருவினான். ஈரமண்ணில் இரண்டு ஆண்களும் குனிந்து, அந்தப் பிள்ளையின் மேலேயே புல்லை நட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு காரியத்தை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. நாதியற்ற குழி மாதிரி ஆக்குகிறார்களே என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

இடிந்த கரையை அவர் திரும்பக் கட்டினார். தோட்டம் ஆள் போட்டது, அதற்கு மேலும் அவர் தன் பொழுதில் போய்க் கல் அடுக்கினார். ரோட்டுத் தண்ணீர் நேராக இறங்காமல், மலைக்குக் குறுக்காகக் கான் வெட்டித் திருப்பிவிட்டார். எங்கள் மகள் எங்கே கிடந்தாள் என்று குத்துமதிப்பாக ஓர் இடம் வைத்திருந்தார், அங்கேயும் நட்டார். நட்டு முடித்தபின் அங்கே போகிறதை நிறுத்திவிட்டார். புல் மூடி, காட்டுக்கன்றுகளும் தலை தூக்கின பிறகு, எது எந்தப் பிள்ளையின் இடம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. எனக்கு அது ஆறவேயில்லை. மற்றவர்கள் கர்ப்பூரம் கொளுத்த ஓர் இடமாவது வைத்திருக்கிறார்கள், நான் மொத்தக் கரையையும் பார்த்துக் கும்பிட வேண்டியிருந்தது. அவரும் அதற்குப்பின் சிரித்து நான் அதிகம் பார்க்கவில்லை.

ஆறு தெளிய இரண்டு மழைக்காலம் பிடித்தது. அவ்வளவு காலமும் பக்கத்துக் காம்பராக்காரி என்னோடு பேசவில்லை. பீலியில் நான் நின்றால் அவள் குடத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். நடுவில் ஒரே ஒரு சுவர், அவள் இருமுவதுகூட எனக்குக் கேட்கும். அவளுக்கு மறுபடி பிள்ளை பிறந்ததும் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. பெண்பிள்ளை என்று மருத்துவச்சி சொல்லிக்கொண்டு போனாள்.

பிள்ளை பெற்றவள் எத்தனை நாளைக்கு வீட்டிலேயே இருக்க முடியும்? ஒரு நாள் காலையில், தோளில், மலையில் இடுப்புக்குக் கட்டுகிற படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். வேறு வழி இல்லை அவளுக்கு. டிவிசனில் இருந்தது ஒரு பிள்ளைக்காம்பரா, அதில் இருந்தது ஓர் ஆயா. நான் கையை நீட்டவில்லை, நீட்டப் பயமாக இருந்தது. அவள் உள்ளே வந்து, அப்போதுதான் பீலியில் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு கோப்பை மொண்டாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்து அடிவரைக்கும் பார்த்தாள். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"கொதிக்க வச்சுக் குடுங்கக்கா" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அவள் மூத்தவளுக்கும் என் கையால் கொதித்த தண்ணீரைத் தவிர வேறு கொடுத்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்கு ஏறிப் போனாள், நான் மிலாறை முறித்து அடுப்பில் வைத்தேன்.